கை வலுவுக்குப் பரிசா, கணிப்புக்குப் பரிசா? சிறுவர் கிளைடர் போட்டியை நியாயமாக நடத்துவது எப்படி

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஆடிப்பெருக்கை ஒட்டி, சுற்றுவட்டாரப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிளைடர் (எஞ்சின் இல்லாமல் மிதக்கும் மாடல் விமானம்) போட்டி நடத்துகிறோம். 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை ஒரே பிரிவுதான். கையால் எறிய வேண்டும், ஒரு முறைதான் வாய்ப்பு, அதிக நேரம் பறந்தால் பரிசு. போன ஆண்டு 46 பேர் வந்தார்கள். பிளஸ் டூ மாணவன் ஒருவன் 24 வினாடி பறக்கவிட்டு ஜெயித்தான். 6ஆம் வகுப்புப் பெண் ஒருத்தியின் விமானம் அவ்வளவு அழகாக மிதந்தும் 11 வினாடிதான் வந்தது. அதுவும் வேலியைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போய்விட்டது. சில பிள்ளைகளுக்கு அப்பாக்களே செய்து கொடுக்கிறார்கள், சிலர் கடையில் வாங்கியே கொண்டுவருகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு 10 சதவீதம் கூடுதல் மதிப்பெண் கொடுத்தால் சரியாகுமா? இல்லை, தனிப் பிரிவு வைத்தால் போதுமா?

பதில்: கூடுதல் மதிப்பெண் வேண்டாம் அம்மா. உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 11 வினாடியோடு 10 சதவீதம் சேர்த்தால் 12.1 வினாடி. எதிரில் நிற்பது 24. மதிப்பெண் கொடுத்தும் அந்தப் பிள்ளை தோற்கத்தான் போகிறாள், அதோடு ‘சலுகை வாங்கியவள்’ என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும். தனிப் பிரிவு தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. அப்பா செய்து கொடுத்த விமானமும், காற்று அடித்துக்கொண்டு போவதும், ஒரே ஒரு வாய்ப்பும் தனிப் பிரிவுக்குள்ளும் அப்படியேதான் இருக்கும்.

முதலில் அந்த 13 வினாடி இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பால்சா என்ற லேசான மரத்தில் செய்த சிறிய கிளைடர் சாதாரணமாக வினாடிக்கு 0.6 மீட்டர் அளவில் கீழே இறங்கும். அப்படியானால் 13 வினாடி என்பது ஏறக்குறைய 8 மீட்டர் உயரம். எறிந்த வேகம் எவ்வளவோ, உயரம் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். காற்றின் தடையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் மேலே எறிந்தது 20 மீட்டர் ஏறும். 14 மீட்டர் வேகத்தில் எறிந்தது 10 மீட்டர்தான் ஏறும். வேகம் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைந்தாலே உயரம் பாதியாகிவிடுகிறது. அந்தப் பெண்ணின் கிளைடர் மோசமாகப் பறக்கவில்லை. தாழ்வான இடத்திலிருந்து இறங்கத் தொடங்கியது, அவ்வளவுதான். நீங்கள் நடத்தியது பாதி கிளைடர் போட்டி, பாதி பந்து எறியும் போட்டி.

ஆகவே செய்ய வேண்டியது, பிள்ளையின் கையில் இல்லாததை எல்லாம் போட்டியிலிருந்து எடுத்துவிடுவது. தோள் வலு, அப்பாவின் பர்ஸ், ஆடிக்காற்று, ஸ்டாப்வாட்ச் பிடிப்பவரின் அக்கறை, ஓடிப்போய் எடுத்து வர நண்பர் பட்டாளம் இருக்கிறதா என்பது, எல்லாவற்றையும்தான். எஞ்சி நிற்க வேண்டியவை மூன்று: ஒழுங்காக ஒட்டுவது, பொறுமையாக ட்ரிம் செய்வது (எடையையும் வாலையும் சிறிது சிறிதாகத் திருத்திச் சீராகப் பறக்கவைப்பது), காற்றைப் பார்த்து விடுவது. இந்த மூன்றிலும் 11 வயதுப் பிள்ளை 17 வயதுப் பையனுக்குச் சளைத்ததில்லை.

கையால் எறிவதை நிறுத்திவிட்டு ரப்பர் கவணுக்கு மாறுங்கள். ஒரு விரல் தடிமனில் 15 செ.மீ. மரக்குச்சி, அதன் நுனியில் ஒரு ரப்பர் வளையம். கிளைடரின் மூக்குக்கு அடியில் அந்த ரப்பரை மாட்ட ஒரு வெட்டு. இடது கையில் குச்சி, வலது கையில் கிளைடரின் பின்பகுதி, இழுத்து விட வேண்டியதுதான். ஏற்றும் ஆற்றலை ரப்பர் கொடுத்துவிடுகிறது. மாடல் விமானத்துக்கென்று விற்கும் 3 மி.மீ. அகல, 1 மி.மீ. தடிமன் ரப்பர் நாடாவை ஒரே சுருளாக வாங்குங்கள். கடையில் கிடைக்கும் ரப்பர் பேண்டு வேண்டாம், ஒரே பாக்கெட்டில் இரண்டு ஒன்றுபோல இழுக்காது. 32 செ.மீ. வெட்டி, முடிச்சுக்கு 2 செ.மீ. போனால் 15 செ.மீ. வளையம் கிடைக்கும். முடிச்சுப் போடும்முன் நுனிகளை எச்சிலால் நனைத்தால் முடிச்சு இறுகும், காய்ந்த ரப்பரில் முடிச்சு இழுக்க இழுக்க வழுக்கிக் கழன்றுவிடும். எல்லா வளையத்தையும் நீங்களே வெட்டிக் கட்டி, போட்டியன்று காலை ஆளுக்கு ஒன்று புதிதாகக் கொடுங்கள். சொந்த ரப்பருக்கு அனுமதி இல்லை.

வளையம் ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்பார்கள். இங்கேதான் சின்னப் பிள்ளைக்கு நியாயம் இருக்கிறது. 130 செ.மீ. உயரமுள்ள பிள்ளை இடது கையை நீட்டி, வலது கையைத் தாடைவரை இழுத்தால் ஏறக்குறைய 60 செ.மீ. கிடைக்கும். நெடிய பையனுக்கு 75 கிடைக்கும். வளையம் 25 செ.மீ. என்றால் பிள்ளை இரண்டரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இழுக்க முடியும், ரப்பர் பாதித் தூக்கத்தில் இருக்கும். 15 செ.மீ. என்றால் நாலு மடங்கு இழுத்துவிடுவாள். அதுவே கிளைடரை நன்றாக ஏற்றப் போதும். நெடிய பையன் ஐந்து மடங்கு இழுப்பான், கொஞ்சம் கூடுதல் அவனுக்குக் கிடைக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்தை வயதுப் பிரிவு பார்த்துக்கொள்ளும். இழுப்புக்கு வரம்பு வைக்க ரப்பரோடு நூல் கட்டலாமே என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். விட்டவுடன் நூல் தொய்ந்து இறக்கையிலோ வாலிலோ சிக்கி, கிளைடர் பிள்ளையின் முகத்துக்கே திரும்பி வரும்.

ரப்பர் வெயிலில் கிடந்தால் ஓரிரு மணி நேரத்திலேயே சோர்ந்துவிடும், நகக்கீறல் பட்டால் அந்த இடத்திலேயே அறும். ஒவ்வொரு வளையத்தையும் சின்னக் கறுப்பு உறையில் போட்டுக் கொடுங்கள். பறக்கவிடும்முன் மெதுவாக நாலைந்து தடவை இழுத்து விட்டுப் பழக்கச் சொல்லுங்கள். அறுந்தால் மாற்று வளையம் ஒன்று எல்லோருக்கும் உண்டு, கேள்வி கேட்காமல் கொடுத்துவிடுங்கள்.

மூக்கின் அடியில் உள்ள வெட்டு பின்பக்கமாகச் சாய்ந்து 45 பாகையில் இருக்க வேண்டும், ஆழம் 3 மி.மீ. போதும். அதைவிட ஆழமானால் ரப்பர் கழலாமல் கிளைடரைப் பின்னுக்கு இழுத்துத் தரையில் குத்தவைக்கும். ஆழம் குறைந்தால் இழுக்கும்போதே நழுவி விரலில் சுளீரென்று அடிக்கும். பால்சா அந்த இடத்தில் நசுங்கும் என்பதால் உள்பக்கம் ஒரு மூங்கில் சிம்பு ஒட்டிவிடுங்கள். மூக்கு நுனி கூர்மையாக இருக்கக் கூடாது. குறைந்தது 5 மி.மீ. ஆரத்துக்கு உருட்டி, மேலே செருப்பு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு ஒட்ட வேண்டும். கண்ணாடி இல்லாமல் யாரும் கவண் இழுக்கக் கூடாது. பதிவு மேசையில் பத்துப் பாதுகாப்புக் கண்ணாடி வைத்தால் மாற்றி மாற்றி அணிந்துகொள்ளலாம்.

இனி விமானம். கடையில் வாங்கியதற்கும் அப்பா செய்ததற்கும் தடை என்று நோட்டீசில் அச்சடித்தால் அதைச் சரிபார்க்க வழியில்லை, வீணாக ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைப்போம். உலகப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பே பல வகுப்புகளில் ‘செய்தவரே பறக்கவிட வேண்டும்’ என்ற நிபந்தனையை வைத்துக்கொள்ளவில்லை. உங்களுக்குச் சுலபமான வழி உண்டு. முதல் நாள் எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து, ஒரே பெட்டியிலிருந்து செய்யச் சொல்லுங்கள். நுழைவுக் கட்டணத்திலேயே பொருளும் அடக்கம். வாங்க முடியாதவர், செய்து கொடுக்க வீட்டில் ஆள் இல்லாதவர் என்ற பேச்சே எழாது.

ஒரு பெட்டிக்கு வேண்டியவை: இறக்கைக்கு 300க்கு 60 மி.மீ. அளவில் 1.5 மி.மீ. பால்சா, வால் இறக்கைக்கு 120க்கு 40 மி.மீ. அளவில் 1 மி.மீ. பால்சா, செங்குத்து வாலுக்கு அதிலேயே 40க்கு 40, உடலுக்கு 35 செ.மீ. நீளத்தில் 10க்கு 4 மி.மீ. கடினப் பால்சாக் குச்சி, 3 கிராம் களிமண், 180ஆம் எண் உப்புத்தாள் அரைத் துண்டு. இவ்வளவுதான்.

பால்சா வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் எடை ஒன்றுபோல இருக்காது. 75 மி.மீ. அகலமும் 90 செ.மீ. நீளமும் உள்ள 1.5 மி.மீ. பலகை ஒன்று 10 கிராம் இருக்கும், பக்கத்தில் இருப்பது 16 கிராம் இருக்கும். முதலாவதில் வெட்டிய இறக்கை 2.7 கிராம், இரண்டாவதில் வெட்டியது 4.3 கிராம். கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசமே ஒரு பிள்ளையின் நாளைக் கெடுத்துவிடும். நகைக்கடைத் தராசு போன்ற சின்ன மின்தராசில் ஒவ்வொரு துண்டையும் நிறுத்துப் பென்சிலால் எடையை எழுதுங்கள். ஒரே பிரிவுக்கு ஒரே எடை அளவில் உள்ளவற்றைக் கொடுங்கள். அதற்கு மேல், களிமண் உட்பட முடித்த கிளைடர் 9 கிராமுக்குக் குறையக் கூடாது என்று விதி வையுங்கள். குறைந்தால் களிமண் சேர்த்து நிரப்பட்டும். பெரிய போட்டிகளிலும் இதே தத்துவம்தான். நூலால் இழுத்து ஏற்றும் எஃப்1ஏ என்ற உலகப் போட்டி வகைக் கிளைடருக்குக் குறைந்தபட்ச எடை 410 கிராம், அதன் தம்பியான எஃப்1எச் வகைக்கு 220 கிராம். காசு கொடுத்து எடையைக் குறைப்பவருக்கு அங்கே கதவு அடைபட்டுவிடுகிறது.

12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் துண்டுகளை நீங்களே வெட்டிக் கொடுத்துவிடுங்கள். கட்டர் பிளேடு அந்த வயதுக்கு வேண்டாம், உப்புத்தாள் வேலையிலேயே அவர்கள் திறமை தெரிந்துவிடும். பசையிலும் அப்படித்தான். ஃபெவிக்விக் சில வினாடியில் பிடித்துக்கொள்ளும். வால் கோணலாக உட்கார்ந்தால் திருத்த நேரம் கிடைக்காது, விரலும் ஒட்டிக்கொள்ளும். ஃபெவிகால் போட்டு, குண்டூசி குத்தி, இரவு முழுக்கக் காயவிடுங்கள். போட்டிக்கு முதல் நாளே செய்யச் சொல்வது இதற்காகவும்தான்.

இறக்கையை நடுவில் வெட்டி, இரு நுனியும் நடுவைவிட 30 மி.மீ. உயர்ந்து நிற்கும்படி ஒட்ட வேண்டும். இந்த V வடிவம்தான் பறக்கும்போது நிமிர்த்திப் பிடிக்கிறது. இருபுறமும் ஒரே உயரம் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு தீப்பெட்டிகளும் கொஞ்சம் அட்டையும் போதும், 30 மி.மீ.க்கு அடுக்கி இரு நுனிக்கும் அடியில் வைத்து ஒட்டலாம். உடலின் மூக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு, கடைசி 4 செ.மீ.யில் வால். சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 28 முதல் 30 மி.மீ.க்குள் வரும்படி மூக்கில் களிமண். இரு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கிப் பிடித்தால் கிளைடர் மட்டமாக நிற்க வேண்டும்.

ட்ரிம் செய்வதில்தான் பிள்ளைகள் உண்மையில் ஜெயிக்கிறார்கள், தோற்கிறார்கள். அதனால் அதற்கென்று நேரம் ஒதுக்குங்கள். காற்று அடங்கிய காலையில் ஒரு முழு மணி நேரம் வேண்டும். தோள் உயரத்திலிருந்து மூக்கைச் சற்றே தாழ்த்தி மெதுவாக விட்டால், 6 முதல் 8 மீட்டர் தள்ளி இடப்பக்கம் லேசாக வளைந்து இறங்க வேண்டும். மூக்கைத் தூக்கித் தூக்கிப் போட்டால் களிமண் பொட்டளவு கூட்டவும். குத்தென்று இறங்கினால் குறைக்கவும். இரண்டு விரலால் வால் இறக்கையின் பின்விளிம்பில் ஹா என்று வாய்க்காற்று ஊதி, சூடு ஏறியதும் ஒரு மி.மீ. வளைத்தால் அது அப்படியே நிற்கும். திருப்பத்துக்குச் செங்குத்து வாலின் பின்விளிம்பை இடப்பக்கம் ஒரு மி.மீ.க்கு மேல் வளைக்க வேண்டாம். அதற்குப் பதில் வால் இறக்கையை ஒட்டும்போதே இடது நுனி 3 மி.மீ. உயர்ந்திருந்தால் கிளைடர் தானாக இடப்பக்கம் சுற்றும், வேகமாக ஏறும்போது தொல்லையும் தராது.

வலது கைப் பழக்கமுள்ள பிள்ளை கவணில் விடும்போது கிளைடரை வலப்பக்கம் 45 பாகை சாய்த்து, மூக்கை 50, 60 பாகைக்கு மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். வலப்பக்கம் வளைந்து ஏறி, வேகம் செத்ததும் இடப்பக்கம் திரும்பி மிதக்கும். இடது கைப் பிள்ளைக்கு எல்லாம் தலைகீழ். பொதுவாக யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை, நீங்கள் சொல்லுங்கள். நேராகப் பிடித்து விட்டால் வட்டம் அடித்துத் தரைக்கு வந்துவிடும். சாய்வு போதவில்லை, அல்லது வால் அதிகமாக மேலே வளைந்திருக்கிறது என்று அர்த்தம். உச்சிக்குப் போய் அப்படியே வலப்பக்கம் சரிந்து விழுந்தால் இடத் திருப்பம் போதவில்லை. நேற்று நன்றாகப் பறந்தது இன்று முறுக்கிக்கொண்டு போகிறதா? இரவுப் பனியில் இறக்கை திருகிப்போயிருக்கும். பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு பக்க விளிம்பு தூக்கி நிற்பது தெரியும். இந்தப் பத்தியை அப்படியே அச்செடுத்து எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்துவிடுங்கள். விஷயம் தெரிந்த அப்பா உள்ள பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும் அறிவாக இது இருக்க வேண்டியதில்லை.

அப்பாக்களை விரட்ட வேண்டாம். பிள்ளையோடு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிடும் அப்பா நல்ல விஷயம்தானே. ஒரே விதி போதும்: கைகாட்டலாம், கை வைக்கக் கூடாது. கட்டும் கூடத்திலும் மைதானத்திலும் பெரியவர் பேசலாம், சுட்டலாம், கேள்வி கேட்கலாம். கிளைடரைத் தொட்டால் அந்தச் சுற்று கணக்கில் வராது. யாரும் கூட வராத பிள்ளைகள் எப்படியும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். அவர்களுக்கென்று இரண்டு ஆசிரியர்களையோ முன்னாள் மாணவர்களையோ பெயர் சொல்லி நியமியுங்கள். ‘யாரிடமும் கேட்கலாம்’ என்று பொதுவாகச் சொன்னால் கூச்சமுள்ள பிள்ளை யாரிடமும் கேட்காது. கையோ காலோ இயலாத பிள்ளைக்காகக் கவணை இழுத்து விடவும் கிளைடரை எடுத்து வரவும் ஓர் உதவியாளர் இருக்கலாம். ட்ரிம் செய்வதும், எப்போது விடுவது என்ற முடிவும் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

போட்டித் தேதியை மாற்றுங்கள் அம்மா, இதை வற்புறுத்தியே சொல்கிறோம். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது உங்கள் ஊருக்கென்றே சொன்னதுபோல இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் உங்களைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் 9 கிராம் பால்சா என்ன செய்யும்? தை பாதிக்கு மேல், மாசியில், காலை 7 மணிக்குத் தொடங்குங்கள். எஃப்1ஏ உலகப் போட்டிகளில் வினாடிக்கு 9 மீட்டர் காற்றைத் தாண்டினால் நிறுத்திவிடுவார்கள், ஆனால் அவை அரைக் கிலோவை நெருங்கும் விமானங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு 3 மீட்டரே எல்லை. அளக்கக் கருவி வேண்டாம். 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சி நட்டு, தலை உயரத்தில் ஒரு சிட்டிகை இலவம் பஞ்சைப் பறக்கவிட்டு எண்ணுங்கள். 7 வினாடிக்குள் அடுத்த குச்சியைத் தாண்டினால் காத்திருக்க வேண்டும். அதே பஞ்சு திடீரென்று மேலே ஏறினால் வெப்பக்காற்று எழும்புகிறது என்று பொருள். இதையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டிவிடுங்கள்.

காற்றுக்கும் மைதானத்துக்கும் உள்ள கணக்கு எளிது. 3 மீட்டர் காற்றில் 30 வினாடி பறந்தால் 90 மீட்டர் தள்ளிப் போகும். உங்கள் மைதானம் 120 மீட்டர் நீளம் என்றால், காற்று வரும் பக்கத்து ஓரத்தில் நின்று விட்டால் வேலிக்குள்ளேயே இறங்கும். ஆகவே அதிகபட்சம் 30 வினாடி என்று வையுங்கள். அதற்கு மேல் பறந்தாலும் 30தான் கணக்கு. அதிர்ஷ்டத்தில் தெர்மலில் (மேலெழும் வெப்பக்காற்றில்) மாட்டிய ஒருவன் மற்ற எல்லோரையும் ஒரே வீச்சில் அடித்துவிட முடியாது, விமானத்தைத் தொலைக்க ஆசையும் வராது.

ஒரே வாய்ப்பு என்பது சின்னப் பிள்ளைகளுக்கு மிகவும் கொடுமை. ஆளுக்கு 6 முறை, அவற்றில் சிறந்த 3ஐக் கூட்டுங்கள். ஒருவன் 9, 10, 30, 4, 8, 9 என்று பறக்கவிடுகிறான், நடுவில் ஒன்றுக்குத் தெர்மல் கிடைத்துவிட்டது. இன்னொருத்தி 15, 16, 17, 16, 14, 17. ஒரே ஒரு பறப்பைப் பார்த்தால் அவனுக்குப் பரிசு. மூன்றைக் கூட்டினால் அவனுக்கு 49, அவளுக்கு 50. யார் கிளைடரை ஒழுங்காக ட்ரிம் செய்தார்கள் என்பது இரண்டாவது கணக்கில்தான் தெரிகிறது. விட்டு 4 வினாடிக்குள் தரைக்கு வந்தாலோ, இன்னொரு கிளைடரோடு மோதினாலோ, அதே சுற்றில் ஒரு மறுவாய்ப்பு கொடுங்கள். எஃப்1ஏ போட்டியிலும் 20 வினாடிக்குக் குறைந்த பறப்பு தோல்வி முயற்சியாகக் கருதப்பட்டு இன்னொரு வாய்ப்பு உண்டு. பெரியவர்களுக்கே இருக்கும் சலுகை பிள்ளைகளுக்கு இல்லாமல் போகக் கூடாது.

பிரிவுகளைப் பிறந்த ஆண்டை வைத்து வகுங்கள், வகுப்பை வைத்து அல்ல: 12 வரை, 13 முதல் 15, 16 முதல் 18. சர்வதேச விதியிலும் 18 வயது நிறையும் ஆண்டு முடியும்வரை ஜூனியர்தான். ரப்பர் ஒன்றாகிவிட்டதால் ஆண், பெண் என்று பிரிக்கக் காரணமே இல்லை. ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைந்தால் அடுத்த பிரிவோடு சேர்த்துப் பறக்கவிட்டு, பரிசை மட்டும் தனியாகக் கொடுங்கள். ரேடியோவால் இயக்கும் கிளைடர்களின் உலகப் போட்டிகளில் தொடக்கச் சுற்றுகளில் ஜூனியரும் பெரியவரும் சேர்ந்தே பறக்கவிடுவார்கள், இறுதிச் சுற்று மட்டும் ஜூனியர்களுக்குத் தனி. சேர்ந்து பறப்பதில் பிள்ளைகள் கற்றுக்கொள்வது நிறைய, அதைத் தடுக்க வேண்டாம். 12 வரையிலான பிரிவை முதலில் வையுங்கள், காற்று அசையாத நேரம் அவர்களுக்குக் கிடைக்கட்டும். எட்டரைக்கு மேல் வெப்பக்காற்று எழத் தொடங்கும். அதைக் கணித்து விடுவது பெரிய பிள்ளைகளுக்கு உரிய சோதனை.

நேரம் போதுமா என்று பயப்படாதீர்கள். நான்கு இடங்களில் நேரம் எடுத்தால், ஒரு பறப்புக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்தாலும் 46 பேரின் 276 பறப்பு ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

நேரம் எடுப்பதில்தான் சத்தமில்லாமல் அநியாயம் நடக்கும். ஒரு கிளைடருக்கு இரண்டு பேர் வேண்டும். இருவரும் அந்தப் பிள்ளையின் பள்ளியைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் சின்னவர்களுக்கு எடுக்கட்டும், பிறகு சின்னவர்கள் அவர்களுக்கு எடுக்கட்டும். ‘ரெடி’ என்ற குரலுக்கு அழுத்தக் கூடாது, கிளைடர் கையை விட்ட கணத்தில் அழுத்த வேண்டும். பிறகு கண் கிளைடரிலேயே இருக்க வேண்டும், வாட்ச்சைப் பார்த்தால் மறுபடி நிமிரும்போது அது தரையில் கிடக்கும். தரையையோ மரத்தையோ கட்டடத்தையோ தொட்டதும் முடிந்தது. மரத்துக்குப் பின்னால் மறைந்தால் 10 எண்ணிக்கை காத்திருந்து, வெளியே வராவிட்டால் அந்த 10ஐக் கழித்துவிட வேண்டும். இது உலகப் போட்டி விதிதான். இரண்டு வாட்ச்சின் சராசரியில் தசமத்தை விட்டுவிட்டு முழு வினாடியை எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரு வினாடிக்கு மேல் வித்தியாசம் வந்தால் யாரோ கவனிக்கவில்லை, மறுவாய்ப்பு கொடுங்கள். முதல் நாள் மாலை, நேரம் எடுக்கப்போகும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஒரே கிளைடருக்கு எடுக்கச் சொல்லிப் பாருங்கள். யாருக்குப் பழக்கம் வேண்டும் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆட்சேபம் சொல்லப் பிள்ளையிடம் பணம் கட்டச் சொல்லாதீர்கள். பறப்பு முடிந்து 15 நிமிடத்துக்குள் பிள்ளையோ உடன் வந்தவரோ வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்ள ஓர் ஆள் இருந்தால் போதும். முடிவை அந்தப் பிள்ளையிடமே நேரில் சொல்லுங்கள்.

ஆசை விடாத பிள்ளைகளுக்கு மேலே வழி இருக்கிறது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாடல் விமானம் செய்வதும் ஒரு பயிற்சி, அகில இந்திய வாயு சைனிக் முகாமில் அதற்குப் போட்டியும் உண்டு. பக்கத்தில் அந்தப் பிரிவு உள்ள பள்ளியைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. எடுத்து வரும் வேலையைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள். பெரியவனுக்கு நாலு நண்பர்கள் ஓடுவார்கள், தனியாக வந்த பிள்ளை ஆறு முறை தானே ஓடிக் களைத்து, கடைசி மூன்றைக் கை நடுங்க விடும். காற்று போகும் பக்கத்தில் ஆறு பேரை நிறுத்தி, யாருடையது விழுந்தாலும் எடுத்து வரச் சொல்லுங்கள். இறக்கையில் பெயரும் போன் எண்ணும் வேண்டாம், போட்டி எண் பெரிதாக இருந்தால் போதும். ஆளுக்கு இரண்டு கிளைடர் பதிவு செய்யலாம் என்று அனுமதித்து, அதற்கான பெட்டியையும் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். தென்னந்தோப்புக்காரரை ஒரு வாரம் முன்பே போய்ப் பார்த்து, அன்று காலை இரண்டு பேர் உள்ளே வந்து போக அனுமதி கேட்டு வையுங்கள். மட்டையில் சிக்கினால் எடுக்க, நுனியில் கவட்டை வைத்த நீள மூங்கில் ஒன்றும் அங்கேயே சாத்தி வைத்திருக்கட்டும். போன ஆண்டு அந்தப் பெண் தொலைத்த இடமும் அதுதானே.